திரை எங்கே ஒளிந்திருக்கிறது?

இருட்டறையில் ஒரு டார்ச்சை அடித்துப் பாருங்கள். எதிர்ச் சுவரில் வட்டமாக வெளிச்சம் விழும். டார்ச்சுக்கும் சுவருக்கும் நடுவே மட்டும் ஒன்றும் தெரியாது. அங்கேயும் ஒளி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு பழைய போர்வையை எடுத்து அந்த இடத்தில் உதறுங்கள். தூசி கிளம்பியதும், டார்ச்சிலிருந்து சுவர்வரை யாரோ வெள்ளைக் கழி ஒன்றை நீட்டிப் பிடித்தது போல ஒளிக்கற்றை பளிச்செனத் தெரியும்.

திரையில்லாக் காட்சி என்று இன்று பேசப்படுகிற தொழில்நுட்பங்களைப் புரிந்துகொள்ள இந்தப் போர்வை போதும். ஒளி கண்ணுக்குள் வந்து விழுந்தால்தான் நமக்குத் தெரியும். பக்கவாட்டில் கடந்து போகிற ஒளியை ஏதாவது ஒன்று வழிமறித்து நம் பக்கம் திருப்பிவிட வேண்டும். திரையரங்கில் அந்த வேலையை வெள்ளைத் துணி செய்கிறது. போர்வைத் தூசி செய்ததும் அதே வேலைதான். செல்பேசியும் டிவியும் தாமே ஒளியை உண்டாக்கி நம் முகத்தைப் பார்த்து அனுப்பிவிடுவதால் அங்கே வழிமறிக்க ஆள் தேவைப்படுவதில்லை.

அறிவியல் புனைகதைப் படங்களில் அடிக்கடி ஒரு காட்சி வரும். மேசைமேல் சின்னக் கருவி. அதிலிருந்து மேலே கிளம்பும் ஒளி ஓரடி உயரம் போனதும் நின்று, ஆள் உருவமாகிப் பேச ஆரம்பிக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒளிக்கு நடுவழியில் பிரேக் போடத் தெரியாது. எதன்மீதாவது மோதும்வரை அது போய்க்கொண்டே இருக்கும். அதனால் யாராவது 'திரையே இல்லாத படம்' என்று ஒரு கருவியைக் காட்டினால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: சரி, திரையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள்? கண்ணாடியில், பனிப்புகையில், ஒற்றைத் துகளில், கண்ணுக்குள் என்று பதில் கருவிக்குக் கருவி மாறும். பதிலே இல்லாத கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒரு முகம்

இரவில் பேருந்தில் போகும்போது ஜன்னல் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. உங்கள் முகம் கண்ணாடிக்கு அப்பால், ஓடுகிற மரங்களுக்கு நடுவே மிதந்துகொண்டு கூடவே வரும். கண்ணாடிக்கு முன்னால் நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்களோ, அதே அளவு தூரம் அதற்குப் பின்னால் அந்த முகம் இருப்பது போலத் தோன்றும். மரமும் தெரிகிறது, முகமும் தெரிகிறது, கண்ணாடி மட்டும் கண்ணில் படுவதில்லை.

இதை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளரும் ஜான் ஹென்றி பெப்பர் என்ற அறிவியல் விரிவுரையாளரும். யோசனை முன்னவருடையது, அதை மேடைக்கு ஏற்றபடி மாற்றி 1862இல் லண்டனில் நடத்திக் காட்டியவர் பின்னவர். மேடையில் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி. பார்வையாளர் கண்ணுக்கு மறைவான பள்ளத்தில் ஒரு நடிகர். அவர்மீது வெளிச்சம் விழுந்ததும் மேடையில் பேய் தோன்றும், விளக்கை அணைத்தால் மறைந்துவிடும். இன்றும் இதற்குப் 'பெப்பரின் பேய்' என்றுதான் பெயர். 2012இல் அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழாவில், 1996இலேயே இறந்துபோன ராப் பாடகர் டூபாக் ஷகூர் மேடையேறிப் பாடியதாக உலகமே பேசியது. செய்திகள் அதை ஹாலோகிராம் என்றன. உண்மையில் அதுவும் இதே பேய்தான். கண்ணாடிக்குப் பதில் சாய்த்துக் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், நடிகருக்குப் பதில் கணினியில் செய்த வீடியோ.

காரிலும் விமானத்திலும் இருக்கும் ஹெட்-அப் டிஸ்பிளேயும் இந்தக் குடும்பம்தான். போர் விமானங்களில் பிறந்து, 1988இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபீல் கார் வழியாகச் சாலைக்கு வந்தது. வேகம், திரும்ப வேண்டிய திசை போன்றவை முன்கண்ணாடியில் பிரதிபலித்து, கார் மூக்குக்குச் சற்று முன்னால் சாலைமீது மிதப்பது போலத் தெரியும். இதில் பயன் தருவது அந்தத் தூரம்தான். தலையைக் குனிந்து வேகமானியைப் பார்க்கும்போது கண் கிட்டப் பார்வைக்கு மாற வேண்டியிருக்கிறது, நிமிர்ந்ததும் மறுபடி தூரப் பார்வைக்கு. இலக்கங்களே சில மீட்டர் தள்ளித் தெரிந்தால் அந்த வேலை பெரும்பாலும் மிச்சம்.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. முன்கண்ணாடிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு பரப்புகள். இரண்டும் பிரதிபலித்தால் ஒவ்வோர் எண்ணும் இரட்டையாகத் தெரியும். அதற்காகக் கண்ணாடி அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் படலத்தை, மேலிருந்து கீழாகத் தடிமன் மாறும் ஆப்பு வடிவில் செய்கிறார்கள். இரண்டு பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக அமர்ந்துவிடும். இவ்வளவு செய்தும், போலரைஸ்டு குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டினால் பல கார்களில் மொத்தக் காட்சியும் மங்கிவிடும் அல்லது காணாமலே போய்விடும். சாலையில் பட்டுத் தெறிக்கும் கூசொளியைத் தடுப்பதுதான் அந்தக் குளிர்கண்ணாடியின் வேலை. முன்கண்ணாடியில் பட்டு வரும் ஒளியும் அதே சாதி என்பதால் அதையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறது. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வண்டியைப் பழுதுபார்க்க விடுவதற்கு முன் குளிர்கண்ணாடியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

ஹாலோகிராம் என்ற பாவப்பட்ட சொல்

மிதக்கிற எதைப் பார்த்தாலும் ஹாலோகிராம் என்று சொல்லிவிடுகிறார்கள். எல்.இ.டி. பட்டை பொருத்திய மின்விசிறியைச் சுழற்றிக் காட்டும் விளம்பரப் பொம்மைக்குக்கூட அதே பெயர். அசல் ஹாலோகிராம் வேறு.

புகைப்படம் ஒளியின் பிரகாசத்தை மட்டும் பதிவு செய்கிறது. ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்ற தகவல் அதில் தொலைந்துவிடும். ஹாலோகிராமில், பொருளில் பட்டு வரும் ஒளியையும் நேராக வரும் இன்னோர் ஒளிக்கற்றையையும் ஒரே தட்டில் மோதவிடுகிறார்கள். குளத்தில் இரண்டு கல் எறிந்தால் அலைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்வது போல, தட்டில் நுண்ணிய வரிகள் பதிகின்றன. பிறகு அந்தத் தட்டின்மீது ஒளியைச் செலுத்தினால், பொருளிலிருந்து கிளம்பிய அதே அலை மறுபடி பிறக்கும். தலையை நகர்த்தினால் பொருளின் பக்கவாட்டையும் பார்க்கலாம். தட்டு உடைந்துபோனால்கூட ஒவ்வொரு துண்டிலும் முழுக் காட்சியும் இருக்கும், பார்க்கும் கோணம்தான் குறுகிவிடும். டென்னிஸ் காபோர் இதை 1940களின் பிற்பாதியில் கண்டுபிடித்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கியைச் சீர்செய்யப் போன இடத்தில் கிடைத்த யோசனை அது. ஒழுங்கான ஒளி கிடைக்க 1960இல் லேசர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1971இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனாலும் அசல் ஹாலோகிராமும் நம் கேள்வியிலிருந்து தப்பாது. திரை எங்கே? அந்தத் தட்டுதான். ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்ப்பது மாதிரி இது. ஜன்னலை விட்டு விலகி நின்றால் தோட்டம் இல்லை. உருவம் தட்டுக்கு முன்னால் மிதந்தாலும், உங்கள் பார்வைக் கோடு தட்டைத் தொட்டாக வேண்டும். பக்கவாட்டில் போய் நின்றால் உருவம் பாதியில் வெட்டுப்படும். அதை அசையும் படமாக்குவது இன்னும் பெரிய தலைவலி. ஒளி அலையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அவ்வளவு நுணுக்கமான புள்ளிகளை ஒரு பெரிய பரப்பு முழுக்க நொடிக்குப் பலமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

காற்றில் எழுதுவது

தட்டு வேண்டாம், காற்றிலேயே வேண்டும் என்றால் போர்வைத் தூசிக்குத் திரும்ப வேண்டியதுதான். பின்லாந்தில் 2000களின் தொடக்கத்தில் வந்த 'ஃபாக்ஸ்கிரீன்' அதைத்தான் செய்தது. நீரை மீயொலியால் அதிரவைத்து நுண்திவலைகளாக்கி, அந்தப் புகையை மெல்லிய தாள் போல மேலிருந்து கீழே இறக்கி, இரண்டு பக்கமும் சீரான காற்றோட்டத்தால் அணைத்துப் பிடிப்பார்கள். அதன்மீது புரொஜெக்டர் படம் விழும். நீங்கள் படத்துக்குள் நடந்து வெளியே வரலாம், நனைய மாட்டீர்கள். ஜன்னலிலிருந்து ஒரு காற்று வீசினால் மட்டும் கதாநாயகனின் முகம் கோணிக்கொள்ளும். திவலைகள் ஒளியை முன்னோக்கியே அதிகம் சிதறடிப்பதால், புரொஜெக்டருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவருக்குத்தான் படம் பிரகாசமாகத் தெரியும்.

புகைத் திரை எவ்வளவு மெல்லியதானாலும் படம் தட்டைதான். உண்மையான முப்பரிமாணத்துக்கு இன்னொரு வழி உண்டு: ஆயிரம் தூசிகளுக்குப் பதில் ஒரே ஒரு தூசி. ஊதுபத்தி முனையை இருட்டில் வேகமாகச் சுழற்றிப் பாருங்கள். சிவப்பு வட்டம் ஒன்று காற்றில் நிற்கும். வட்டம் எங்கும் இல்லை, இருப்பது ஒரு புள்ளி மட்டும். கண் அதை உடனே மறப்பதில்லை என்பதால் கோடாகத் தெரிகிறது. சுமார் பத்தில் ஒரு விநாடிக்குள் மறுபடி மறுபடி வரைந்துவிட்டால் உருவம் நிலைத்து நிற்கும்.

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்மாலி குழு 2018இல் செய்து காட்டியது இதைத்தான். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒரு லேசர் கற்றை, செல்லுலோஸ் துகள் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துகளின் ஒரு பக்கம் சூடாகிறது. அந்தப் பக்கத்தில் மோதும் காற்று மூலக்கூறுகள் வேகமாகத் தெறித்துத் துகளைத் தள்ளுகின்றன. இந்தத் தள்ளலை வைத்தே அதைச் சிறைப்பிடித்து விரும்பிய பாதையில் இழுக்கிறார்கள். போகிற வழியில் சிவப்பு, பச்சை, நீல லேசர்கள் அதன்மேல் சரியான நிறத்தைப் பூசிக்கொண்டே வருகின்றன. துகள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் சுற்றி வந்து பார்க்கலாம், எங்கும் வெட்டுப்படாது. படங்கள் விரல் நகம் அளவுக்கு இருந்தன. ஊதினால் துகள் பறந்துவிடும்.

அடுத்த ஆண்டே பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் லேசர் பிடிக்குப் பதில் ஒலியைக் கொண்டுவந்தது. மேலும் கீழுமாக 512 சின்ன ஒலிபெருக்கிகள். அவை எழுப்பும் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலி நம் காதுக்குக் கேட்காது. நடுவில் 2 மி.மீ. குறுக்களவுள்ள பாலிஸ்டிரீன் மணி ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. அதை விநாடிக்கு 8.75 மீட்டர் வேகம்வரை ஓட்டினார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தில் ஒரு விநாடியில் அதிகபட்சம் 87 செ.மீ. நீளக் கோடு. அதில்தான் மொத்தப் படத்தையும் முடிக்க வேண்டும். வளைவுகளில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருப்பதால் அதிலும் ஒரு பகுதி கழிந்துவிடும். எளிய கோட்டுருவங்களுக்கு அது போதும். நுணுக்கமான உருவங்களைக் காட்ட, கேமராவின் கதவை நீண்ட நேரம் திறந்து வைத்துப் படமெடுக்க வேண்டியிருந்தது. ஆனால் இதில் ஒரு கூடுதல் லாபம். ஒலியை விரல் நுனியில் குவித்தால் தொட்ட உணர்வும் கிடைக்கிறது.

துகளே வேண்டாம், காற்றையே எரித்துவிடலாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. ஜப்பானில் யோயிச்சி ஒச்சியாய் குழு 2015இல் காட்டிய முறையில், லேசரை ஒரு புள்ளியில் குவித்தால் அங்கே காற்று மின்னூட்டம் பெற்றுப் பொறியாக மின்னும். வழக்கமாக அந்தப் பொறி கையைச் சுடும். லேசர் துடிப்பை ஃபெம்டோவிநாடி அளவுக்கு, அதாவது விநாடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் சுருக்கினால், தோல் பொசுங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. தொட்டவர்கள் உப்புத்தாளைத் தடவுவது போல் இருந்தது என்றார்கள். படத்தின் அளவு 1 கன செ.மீ. அளவில்தான்.

இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. எல்லாமே ஒளிரும் புள்ளிகள். ஒளிரும் புள்ளி இன்னொரு புள்ளியை மறைக்காது. ஒரு தலையை வரைந்தால் பிடரியும் முகத்தின் வழியே தெரியும். கறுப்பு நிறமும் காட்ட முடியாது, ஒளியைச் சேர்க்கலாமே தவிர இருட்டைச் சேர்க்க வழியில்லை.

உள்ளங்கையில் படம் காட்டும் கருவிகளை இங்கேயே சொல்லிவிட்டு நகர்கிறேன். 2009இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிரணவ் மிஸ்திரி கழுத்தில் மாட்டிக்கொண்ட சின்னப் புரொஜெக்டர் சுவரையும் கையையும் திரையாக்கியது. 2024இல் ஹ்யூமேன் என்ற நிறுவனம் சட்டையில் குத்திக்கொள்ளும் கருவி ஒன்றை விற்றது. அது பச்சை லேசரால் உள்ளங்கையில் எழுத்து காட்டும். 2025 பிப்ரவரியோடு அதன் சேவை நின்றுபோனது. வெயிலில் நின்று உள்ளங்கையைப் படிப்பது கைரேகைக்காரருக்கே கஷ்டம்.

கண்ணே திரையானால்

தமிழில் இதற்கு ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: விழித்திரை. வெளியே எத்தனை திரை வைத்தாலும் படம் கடைசியில் விழுவது அங்கேதான். அப்படியானால் நடுவில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு நேரே அங்கே எழுதினால் என்ன? 1991இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாம் ஃபர்னஸ் குழு இந்தக் கேள்வியோடு வேலையைத் தொடங்கியது.

செயல்படும் விதம் இது. மூக்குக்கண்ணாடியின் காம்பில் மிகச் சிறிய லேசர் இருக்கும். அருகில் அரிசியைவிடச் சிறிய, அதிர்ந்துகொண்டே இருக்கும் கண்ணாடித் துணுக்கு. அது நொடிக்குப் பல ஆயிரம் முறை ஆடி, ஊசி போன்ற ஒளிக்கற்றையை இடமும் வலமும், மேலும் கீழும் வீசுகிறது. அந்தக் கற்றை கண்மணி வழியே நுழைந்து விழித்திரையில் வரிவரியாகப் படம் எழுதும். நீங்கள் பார்ப்பது ஒரு கை தூரத்தில் மிதக்கும் திரை. பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது, எட்டிப் பார்ப்பதும் நடக்காது.

லேசரைக் கண்ணுக்குள்ளா என்று பயம் வருவது நியாயம்தான். இங்கே பயன்படும் ஒளி மைக்ரோவாட் அளவு. கையில் வைத்து விளையாடும் லேசர் பேனா மில்லிவாட் கணக்கு, அதாவது ஆயிரம் மடங்கு பெரிய அலகு. கற்றையும் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடித் துணுக்கு ஆடாமல் நின்றுவிட்டால் லேசரும் உடனே அணையும்படிதான் வடிவமைப்பார்கள்.

இந்த முறையில் என்னைக் கவர்ந்தது வேறொன்று. கற்றை அவ்வளவு மெல்லியது என்பதால் கண்ணின் லென்ஸ் அதைக் குவிக்க வேண்டிய அவசியமே அநேகமாக இல்லை. கிட்டப்பார்வை உள்ளவருக்கும் தூரப்பார்வை உள்ளவருக்கும் படம் தெளிவாகவே தெரியும். அட்டையில் ஊசித் துளை போட்டு அதன் வழியே பார்த்தால், பவர் கண்ணாடி இல்லாமலே எழுத்து கூர்மையாகத் தெரியும் அல்லவா, அதே கதைதான். ஜப்பானில் கியூ.டி. லேசர் நிறுவனம் இந்த அடிப்படையில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான கண்ணாடியைச் செய்திருக்கிறது.

மெல்லிய கற்றைக்கு விலையும் உண்டு. கண்மணியின் அகலம் சில மில்லிமீட்டர்தான். கண்ணைக் கொஞ்சம் திருப்பினால் கற்றை கருவிழிப் பட்டையில் மோதி நின்றுவிடும், படம் சட்டென மறையும். கண் போகும் திசையைக் கவனித்துக் கற்றையை நகர்த்த வேண்டும், அல்லது ஒரே படத்தைப் பல இடங்களுக்கு அனுப்ப வேண்டும். அப்புறம், நம் எல்லோர் கண்ணுக்குள்ளும் மிதக்கும் நுண்ணிய இழைகள் உண்டு. வெறும் வானத்தைப் பார்க்கும்போது புழு மாதிரி நெளியுமே, அவைதான். ஊசிக்கற்றையில் அவற்றின் நிழல் கறுப்பாகப் படத்தின்மேல் விழும். நம் கண்ணில் இருக்கும் குப்பையை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் கருவி வேறில்லை.

ஒளியே இல்லாமல்

கண்ணை மூடி, இமைமேல் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். புள்ளிகளும் வளையங்களும் மின்னும். வெளியிலிருந்து ஒரு துளி ஒளி வரவில்லை. அழுத்தம் பட்டதும் கண்ணின் நரம்புச் செல்கள் தூண்டப்பட்டன, மூளை அதை வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டது. நரம்பில் சரியான செய்தி வந்தால் போதும், அனுப்பியது யார் என்று மூளை விசாரிப்பதில்லை.

1960களின் பிற்பாதியில் பிரிட்டனில் ஜைல்ஸ் பிரிண்ட்லி, வால்போல் லெவின் இருவரும், பார்வை இழந்த 52 வயதுப் பெண் ஒருவரின் மூளையில் பார்வைப் பகுதிமீது மின்முனைகளைப் பொருத்தினார்கள். மின்சாரம் பாய்ந்தபோது அவருக்குச் சின்னச் சின்ன ஒளிப்பொட்டுகள் தெரிந்தன. எந்த மின்முனையைத் தூண்டுகிறார்களோ அதற்கேற்ற இடத்தில் பொட்டு. அதே யோசனையை விழித்திரையில் வைத்த 'ஆர்கஸ் 2' கருவிக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. அதில் 60 மின்முனைகள். செல்பேசித் திரையின் ஓரத்து எழுத்து ஒன்றுக்கே அதைவிட அதிகப் புள்ளிகள் செலவாகும். ஆனாலும் கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று சிலருக்குத் தெரிந்தது. பிறகு அதைத் தயாரித்த நிறுவனம் கருவியைக் கைவிட்டது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்டோர் உதவி கேட்க ஆளின்றி, கண்ணுக்குள் பழைய கருவியோடு நின்றார்கள். அடுத்த தலைமுறையான 'பிரிமா' 2 மி.மீ. சதுரச் சில்லில் 378 புள்ளிகளை வைத்திருக்கிறது. அணிந்திருக்கும் மூக்குக்கண்ணாடியிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளியே அதற்கு மின்சாரமும் படமும். முதுமையில் நடுப்பார்வை இழந்தவர்களில் பலர் அதைக் கொண்டு எழுத்துகளைப் படித்ததாக 2025இல் முடிவுகள் வெளியாயின.

அறுவையே வேண்டாம் என்பவர்களுக்கு 'பிரெயின்போர்ட்' என்று ஒன்று இருக்கிறது. தலையில் அணிந்த கேமரா எடுக்கும் படம், நாக்கின்மேல் வைக்கும் ஒரு சின்னத் தகட்டுக்குப் போகிறது. அதில் சுமார் 400 மின்முனைகள். வெள்ளைக்கு வலுவான துடிப்பு, கறுப்புக்கு ஒன்றுமில்லை, சாம்பலுக்கு நடுத்தரம். முதலில் சோடா குமிழி வெடிப்பது போல நாக்கில் சுறுசுறுப்பு மட்டும்தான். பயிற்சி கூடக் கூட, எதிரே இருக்கும் பந்தும் கதவும் அந்தச் சுறுசுறுப்பிலிருந்தே பிடிபட ஆரம்பிக்கும். அணிந்திருப்பவரிடம் திரை எங்கே என்று கேட்டால், 'ஆ' காட்டுவார்.